‘பிளைண்ட்’ பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஆங்கிலம்–தமிழ் அகராதிகள், ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு சுற்று நடந்தாலே இந்தச் சொல் நாலைந்து முறை எதிரே வரும். மாடிப்படி ஓரத்தில் ‘பிளைண்ட் மசாஜ்’ என்ற பலகை. திரைச்சீலைக் கடை வாசலில் ‘ரோலர் பிளைண்ட்’. முன்னால் நிற்கும் லோரியின் முதுகில் ‘பிளைண்ட் ஸ்பாட்’ எச்சரிக்கை. பேரங்காடியில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் ‘பிளைண்ட் பாக்ஸ்’. அலுவலகத்துக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தால் ‘பி.சி.சி.’, மற்றவருக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் ‘பிளைண்ட் கார்பன் காப்பி’. அதன் முதல் எழுத்தும் இதே சொல்தான். இத்தனையில் கண் தெரியாத மனிதர் இருப்பது முதல் பலகையில் மட்டும். அங்கேயும் அந்தச் சொல் குறிப்பது மசாஜை அல்ல, அதைச் செய்பவரை.

ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கப் போகிறவர்கள் அட்டையையும் ‘இத்தனை ஆயிரம் சொற்கள்’ என்ற விளம்பரத்தையும் விட்டுவிட்டு நேராக ‘பிளைண்ட்’ இருக்கும் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பெயரடை, வினை, பெயர், வினையடை என்று நான்கு வேலையும் பார்க்கும் சொல் இது. மனிதரைக் குறிக்கிறது, சன்னல் மறைப்பைக் குறிக்கிறது, ஆத்திரத்தையும் அதிர்ஷ்டத்தையும் குறிக்கிறது. மரியாதைக் கேள்வியும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு பதிவை ஒழுங்காக எழுதிய அகராதி மற்றவற்றிலும் அக்கறை காட்டியிருக்கும்.

முதலில் கையடக்கப் பதிப்புகள். மஸ்ஜித் இந்தியா சாலையிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் புத்தகக் கடைகளில் தொங்கும் சிறிய அகராதிகள், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பெற்றோர் வாங்குபவை. அவற்றில் ஒன்றில் இந்தச் சொல்லுக்கு இருப்பது மொத்தம் ஒரு வரி: ‘குருடான, பார்வையற்ற, மறைவான, திரை’. அவ்வளவுதான். முதல் மூன்றும் பெயரடை, கடைசி பெயர்ச்சொல் என்றுகூடப் பிரிக்கவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லை. மரபுத்தொடர் ஒன்றுகூட இல்லை.

இதனால் என்ன கெடுகிறது? ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற தொடரை ஒரு மாணவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகராதி தருவதை வைத்து வார்த்தைக்கு வார்த்தை அடுக்கினால் ‘குருட்டுக் கண்ணைத் திருப்பினார்கள்’ என்றுதான் வரும். தமிழில் அதற்குப் பொருளே இல்லை. நம்மிடம் இருப்பது ‘கண்டும் காணாமல் விட்டார்கள்’. அந்த ஆங்கிலத் தொடரோடு ஒட்டிக்கொண்ட கதை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுடையது. 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் அவருக்கு வலக்கண் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2இல் கோப்பன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கலாம் என்று மேலதிகாரி காட்டிய கொடிச் சைகையை, தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்து ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று தட்டிக்கழித்தாராம். தொலைநோக்கி விஷயம் பின்னால் சேர்ந்த மெருகு என்பாரும் உண்டு. ஆனால் தொடரின் பொருளை அந்தக் கதை துல்லியமாகக் காட்டுகிறது: தெரிந்தே பார்க்காமல் இருப்பது. இதையும் ‘கண்மூடித்தனமாக’ என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கண்மூடித்தனம் யோசிக்காமல் செய்வது. கண்டும் காணாமல் இருப்பது யோசித்தே செய்யாமல் விடுவது. இந்த வேறுபாட்டைச் சொல்ல அகராதிக்கு அரை வரி போதும்.

அந்த ஒரு வரியில் இதைவிடப் பெரிய குறை ‘குருடான’ என்ற சொல் எந்தக் குறிப்பும் இல்லாமல் முதலில் நிற்பது. ஆங்கிலத்தில் ‘பிளைண்ட்’ இன்னும் மதிப்பான சொல். பார்வையற்றோர் அமைப்புகள் தங்கள் பெயரிலேயே அதை வைத்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரில் ‘பிளைண்ட்’ இருக்கிறது, மலாய்ப் பெயரில் ‘ஓராங் பூத்தா’ இருக்கிறது. தமிழில் அப்படி இல்லை. ‘குருடன்’ என்று ஒரு மனிதரைச் சொன்னால் இன்றைக்கு அது வசை. எழுத்தில் ‘பார்வையற்றவர்’, பேச்சில் ‘கண்ணு தெரியாதவங்க’. ‘விழிப்புலனற்றோர்’ என்பது இலங்கைத் தமிழில் அதிகம் புழங்குவது. மலேசியாவில் எழுதினாலும் புரியும். அதே நேரம் ‘குருட்டு அதிர்ஷ்டம்’, ‘குருட்டு நம்பிக்கை’, ‘குருட்டாம்போக்கு’ எல்லாம் தமிழில் இயல்பாகப் புழங்குகின்றன. அவை எந்த மனிதரையும் சுட்டவில்லை. ஆளைச் சொன்னால் ஒரு சொல், ஆளைச் சொல்லாதபோது இன்னொரு சொல். இதைச் சொல்லாமல் விட்ட அகராதியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது அந்தப் பிள்ளை எழுதும் கட்டுரையில் ஒரு மனிதரை அவமதிக்க வைப்பதற்குச் சமம். என்ன விலை என்றாலும் வேண்டாம்.

அடுத்து, எல்லார் கைத்தொலைபேசியிலும் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி. கேமராவைப் பலகைமேல் பிடித்தால் தமிழில் காட்டும் வகை. முழு வாக்கியமாகத் தந்தால் இது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே செய்கிறது. ‘லவ் இஸ் பிளைண்ட்’ என்றால் ‘காதலுக்குக் கண்ணில்லை’ என்றே வருகிறது. தடுமாறுவது பலகைகளிலும் பட்டியல்களிலும். காரணம் எளிது: செயலி பொருளைத் தேர்ந்தெடுப்பது சுற்றியிருக்கும் சொற்களை வைத்து. பலகையில் இரண்டே சொல் இருந்தால் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. திரைச்சீலைக் கடையின் ‘பிளைண்ட்ஸ் ஃபார் சேல்’ என்ற பலகை ‘பார்வையற்றோர் விற்பனைக்கு’ என்று வந்து நிற்கிறது. படிக்கவே கூசும் வரி. ‘சன்னலுக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டச்சு செய்தால் உடனே திருந்திவிடுகிறது. ஆகவே இந்தச் செயலியைப் பயன்படுத்தும் யாருக்கும் ஒரே அறிவுரை: சொல்லைத் தராதீர்கள், வாக்கியத்தைத் தாருங்கள். குறைந்தது ஆறேழு சொல்லாவது இருக்கட்டும்.

தொழிற்சாலைச் சொற்களில் வாக்கியமும் காப்பாற்றவில்லை. ‘பிளைண்ட் ரிவெட்’டைச் செயலி ‘குருட்டு ரிவெட்’ என்கிறது. பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது பாப் ரிவெட், தகடுகளைப் பிணைக்கும் ஆணி. தகட்டின் பின்பக்கம் கையோ கருவியோ போகாத இடத்தில், முன்பக்கம் மட்டும் நின்று அடிப்பது. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை போட்டு, உள்ளே நுழைத்து, ரிவெட் துப்பாக்கி என்ற கருவியால் நடுக்கம்பியை இழுத்தால் பின்முனை உப்பிப் பிடித்துக்கொள்ளும், கம்பி ‘டக்’கென்று முறியும். துளை பெரிதாகிவிட்டால் உப்பிய முனை பிடிக்காமல் ரிவெட் சுற்றும். இங்கே பார்வைக் குறைபாடு எங்கே வந்தது? பின்பக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘ஒருபக்க ரிவெட்’ என்றால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் புரியும். குழாயின் முனையை மூடும் ‘பிளைண்ட் ஃபிளாஞ்ச்’ நடுவில் ஓட்டை இல்லாத தட்டு. ‘பிளைண்ட் ஹோல்’ மறுபக்கம் வரை போகாமல் பாதியில் நிற்கும் துளை. வேலைப் பாதுகாப்புக் குறிப்பைச் செயலியில் போட்டுத் தமிழாக்கி ஒட்டும் நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும். தப்பான சொல்லைப் படித்துவிட்டுத் தப்பான பாகத்தைக் கழற்றினால் அடிபடுவது படித்தவர்தான்.

இனி ஆக்ஸ்ஃபர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. ஹார்ன்பி தொகுத்து 1948இல் ஆக்ஸ்ஃபர்டு வெளியீடாக வந்தது; இன்று இணையத்தில் இலவசம். இதில் தமிழே கிடையாது. இருந்தும் இந்த மதிப்பீட்டில் முதலிடம் இதற்குத்தான். பெயரடையை வேறாக, வினையை வேறாக, பெயரை வேறாக வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, வாக்கியம் தந்து, மரபுத்தொடர்களைத் தனியே தொகுத்துத் தருகிறது. சன்னல் மறைப்பை பிரிட்டனில் ‘பிளைண்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஷேட்’ என்றும் சொல்வார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. நம் ஊரில் கொண்டோவுக்குத் திரை வாங்கும்போது பழைய ‘பிடாய்’ முதல் புதிய ‘ஸீப்ரா பிளைண்ட்’ வரை எல்லாம் ஒரே குடும்பம்தான். ‘தி பிளைண்ட்’ என்று முன்னால் ‘தி’ வந்தால் அது ஒரு கூட்டத்தைக் குறிக்கும், வினை பன்மையில் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். எஸ்.பி.எம். மாணவர்கள் ‘தி பிளைண்ட் இஸ்’ என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான். ஓர் ஆளைச் சொல்ல ‘எ பிளைண்ட்’ என்று நிறுத்தவும் கூடாது. ‘எ பிளைண்ட் பெர்சன்’ என்று ஆள் வர வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டில் படித்துவிட்டுத் தமிழுக்கு வரும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதை தெளிவாகும்: இங்கே யார் பார்க்கவில்லை, எதைப் பார்க்கவில்லை? இந்தச் சொல் போகும் திசைகள் அதிலேயே பிரிந்துவிடும்.

பார்க்க முடியாத மனிதர் என்றால் பார்வையற்றவர். பார்க்கவோ யோசிக்கவோ மறுக்கும் மனம் என்றால் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ‘பிளைண்ட் ரேஜ்’ கண்மண் தெரியாத கோபம். ‘பிளைண்ட் டிரங்க்’ கண்ணு மண்ணு தெரியாமல் குடித்திருப்பது. ஆங்கிலமும் தமிழும் இந்த இடத்தில் ஒரே கண்ணால் உலகத்தைப் பார்த்திருக்கின்றன. ‘பிளைண்ட்லி’ ஒருவர் பின்னால் போவது கண்ணை மூடிக்கொண்டு போவது. ‘தி பிளைண்ட் லீடிங் தி பிளைண்ட்’ பைபிளில் மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. திருமூலர் ‘குருடும் குருடும் குருட்டாட்டமாடி’ இருவரும் குழியில் விழுவதைப் பாடியிருக்கிறார். இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, நம் வீட்டிலேயே இருக்கிறது.

சில தொடர்களில் இந்தச் சொல் வெறும் அழுத்தத்துக்கு வருகிறது, கண்ணே அங்கே இல்லை. ‘ராப் சம்படி பிளைண்ட்’ என்றால் மொட்டையடிப்பது. ‘ஸ்வேர் பிளைண்ட்’ அடித்துச் சத்தியம் பண்ணுவது, பெரும்பாலும் கேட்பவர் நம்பாதபோது. ‘நாட் எ பிளைண்ட் பிட் ஆஃப் நோட்டிஸ்’ என்றால் கொஞ்சங்கூடச் சட்டை செய்யவில்லை. இந்த மூன்றிலும் ‘குருடு’, ‘கண்’ என்ற சொல் தமிழில் வந்துவிட்டால் மொழிபெயர்ப்பு தோற்றது என்றே கணக்கு.

வேண்டுமென்றே மறைப்பது இன்னொரு திசை. ‘டபுள் பிளைண்ட்’ மருந்தாய்வில், எது உண்மை மருந்து எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைச் சோதிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பு முடிவைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக. ‘இரட்டை மறைப்பு ஆய்வு’ என்றால் சரி, ‘இரட்டைக் குருட்டு’ என்பது அபத்தம். பி.சி.சி.யை ‘மறைநகல்’ எனலாம். ‘பிளைண்ட் பாக்ஸ்’ உள்ளே என்ன பொம்மை என்று தெரியாத பெட்டி. பிள்ளைகளிடம் ‘மர்மப் பெட்டி’ என்று சொன்னால் கண் விரியும். அமெரிக்க ஆங்கிலத்தில் பறவையும் விலங்கும் பார்க்க ஒளிந்திருக்கும் குடிலும் ‘பிளைண்ட்’தான். தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு அது ‘பும்புன்’.

கண்ணுக்குப் படாதது, வழி இல்லாதது என்ற பொருளில் ‘பிளைண்ட் ஆலி’ முட்டுச்சந்து, ‘பிளைண்ட் கார்னர்’ எதிரே வருவது தெரியாத வளைவு. பாலிக் பூலாவ் மலைப்பாதையில் இது அகராதிக் கேள்வி இல்லை, உயிர்க் கேள்வி. குடல் அமைப்பில் ‘சீக்கம்’ என்ற பகுதி ஒருபக்கம் மூடிய பை. லத்தீனில் அதன் பெயருக்கே ‘பிளைண்ட்’ என்று பொருள், தமிழிலும் ‘குருட்டுக்குடல்’ என்று எழுதியிருக்கிறார்கள். சமையலறையில் ‘பேக் பிளைண்ட்’ என்றால் பூரணம் வைக்காமல் மாவாலான வெளிக்கூட்டை மட்டும் முதலில் சுடுவது: மாவின்மேல் பேக்கிங் தாளைப் போட்டு, காய்ந்த பயறோ அரிசியோ கொட்டி, 190 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம், பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம். பயறு வைக்காவிட்டால் மாவு நடுவில் உப்பிவிடும்; சுடாமலே பூரணத்தை ஊற்றினால் அடி ஈரமாக நொதநொதவென்று இருக்கும்.

‘பிளைண்ட் ஸ்பாட்’டுக்குத் தமிழில் இரண்டு சொல் வேண்டும். கண்ணுக்குள் இருப்பதைக் ‘குருட்டுப்புள்ளி’ என்று பாடநூல்கள் சொல்கின்றன, அது பொருத்தம். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மாரியோட் இதைக் கண்டறிந்தார். வீட்டிலேயே பார்க்கலாம். தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. தூரத்தில் கரும்புள்ளி காணாமல் போகும். கண் நகர்ந்துவிட்டால் வேலை செய்யாது. பெரும்பாலோர் தோற்பது அதனால்தான். லோரிக்காரருடைய ‘பிளைண்ட் ஸ்பாட்’டோ கண்ணாடியில் படாத இடம். அதைக் ‘குருட்டுப்புள்ளி’ என்று எழுதிய ஸ்டிக்கர் மோட்டார்சைக்கிள் ஓட்டிக்கு எதுவும் சொல்லாது. ‘இங்கே நின்றால் ஓட்டுநருக்குத் தெரிய மாட்டீர்கள்’ என்று எழுதினால் விலகுவார்.

இந்த மாதிரி இடங்களில் உதவக்கூடியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம். சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வந்தது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பல தமிழ்ச் சொற்களை நிரையாக அடுக்கித் தரும் செழுமை இதற்கு உண்டு. மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது சொத்து. மாணவர்களுக்குத் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அடுக்கில் எதை எடுப்பது என்று அது சொல்லித் தருவதில்லை. அறுபது ஆண்டுக்கு முந்திய தமிழ் என்பதால் மரியாதைச் சொற்களிலும் இன்றைய வழக்கை அதில் தேட முடியாது. எடுத்த சொல்லைக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவான பதிப்பு. தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கும் அகராதி. வாக்கியத்தில் அந்தச் சொல் இன்று எப்படி வாழ்கிறது என்று காட்டும். போகும் வழியை ஒன்றில், திரும்பும் வழியை மற்றொன்றில் பார்த்தால் தவறு பிடிபடும்.

மலாயும் எழுதும் நமக்கு மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவின் இலவச இணைய அகராதித் தேடல் மறக்கக்கூடாத கருவி. ‘பூத்தா’ அங்கே வேறு பாதையில் போகிறது. ‘பூத்தா ஹூரூஃப்’ எழுத்தறிவில்லாதவர். ‘காஜி பூத்தா’ வேலை செய்யாமல் வாங்கும் சம்பளம், நம் தண்டச் சம்பளம். இரண்டுக்கும் ஆங்கிலத்தின் ‘பிளைண்ட்’ வராது. ஓட்டுநர் உரிமத்துக்குப் பார்க்கும் நிறச் சோதனையை ‘நிறக்குருடு’ என்பதைவிட ‘நிறப்பார்வைக் குறைபாடு’ என்பது சரியானதும்கூட. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிறம் தெரியும், சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். சமூகநலத் துறைப் படிவத்தைத் தமிழாக்குகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ‘பூத்தா’ என்பது நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 3/60க்குக் குறைந்த பார்வை, அல்லது 10 டிகிரிக்குக் குறுகிய பார்வைப் பரப்பு. மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாத நிலை. முழு இருட்டு என்று பொருளில்லை. ‘முற்றிலும் பார்வையற்றவர்’ என்று மொழிபெயர்த்தால், வெளிச்சமும் உருவமும் ஓரளவு தெரிகிறவர் தனக்கில்லை என்று படிவத்தை ஒதுக்கிவிடுவார்.

கடைசியாக, இந்தச் சொல் யாரைக் குறிக்கிறதோ அவர்களே இந்த அகராதிகளைப் படிக்க முடியுமா? கையடக்கப் பதிப்பு முடியாது. பக்கங்களைப் படமாக எடுத்து இணையத்தில் ஏற்றிய பழைய அகராதிகளும் முடியாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்குப் படம் வெற்றுத்தாள். எழுத்தாகவே இருக்கும் இணையப் பக்கங்களை கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் வாசிக்கும், அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். குரல் கரகரப்பு, ஆனால் எழுத்துப் பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். கைத்தொலைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை வைத்திருப்பவர்கள் தமிழ்க் குரலைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் வரும் இடத்தில் ஆங்கிலக் குரல் மௌனமாகித் தாண்டிவிடும், கேட்பவருக்கு அங்கே ஒரு வரி இருந்ததே தெரியாது.

மாணவருக்கு வாங்குவதென்றால் ஆக்ஸ்ஃபர்டை இணையத்தில் திறந்து வைத்து, காசைக் க்ரியாவுக்குச் செலவிடுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு அவற்றோடு சென்னைப் பல்கலைக்கழகச் சொற்களஞ்சியமும் வேண்டும். கையடக்கத்தை விற்கும் கடைக்காரர் ‘எல்லாச் சொல்லும் இருக்கு’ என்று சொன்னால், அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே பிரியுங்கள். ‘குருடான’ என்று முதலில் நின்று, மரபுத்தொடர் ஒன்றும் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.